உலக முடிவில் ஒரு காலைப் பொழுது

“சேர், நீங்கள் குறிஞ்சி நிலத்திலை நடந்திருக்கிறியளோ?”

ஐந்திணைப் பாடம் நடந்துகொண்டிருந்த வேளையில், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து இவ்வாறு வினவினான். குறும்புக்காகக் கேட்டவனல்லன், அறியும் ஆவல் அவன் முகத்தில் தெரிந்தது. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதி வந்தவன் நான். முருகனும் வள்ளியும், தினையும் தேனும், அருவியும் சுனையும் என் வாயில் தடங்கலின்றி வரும். எனினும் அவனுடைய கேள்விக்கு உண்மையான விடை, “இல்லை” என்பதே. நுவரெலியாவைப் பேருந்தின் யன்னலூடாகப் பார்த்ததுண்டு. நடந்ததில்லை.

குடாநாட்டில் பிறந்தவர்கள் நெய்தலைத் தேடிப் போகவேண்டியதில்லை; அது வாசலிலேயே கிடக்கின்றது. நெல் வயல்களில் மருதத்தைக் காணலாம். வன்னிக்குப் போனால் முல்லை. வைகாசியில் நீர் வற்றி வெடித்துக் கிடக்கும் தரவையில் நண்பகலில் நின்றால் பாலையும் ஓரளவு விளங்கும். குறிஞ்சி ஒன்றே நமக்கு வாய்க்கவில்லை. கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. மலையைத் தேடி அங்கு வருபவர் கேணியில் நீராடித் திரும்பவேண்டியதுதான். பனையின் உயரத்தை எட்டும் மேடு ஒன்றேனும் இல்லாத நாட்டில், கடலோரத்துக் கற்பாறைக்கு மலை என்று பெயரிட்டு மகிழ்ந்தவர்கள் நாம்.

அந்த மாணவனின் வினாவே எங்களைப் பயணத்துக்கு எழுப்பியது. 2023ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், உயர்தர வகுப்பு மாணவர் 28 பேருடன் நானும் இன்னோர் ஆசிரியரும் ஹோட்டன் சமவெளிக்குப் புறப்பட்டோம். அங்கே நடந்த அரைநாள் நடையைப் பற்றி எழுதவே இவ்வாரம் இப்பகுதியை எடுத்துக்கொண்டேன். அந்நடையில் நான் கண்டவற்றுள் ஒன்று மலையைப் பற்றியதன்று, என்னைப் பற்றியது. அதனையும் மறையாது எழுதுகின்றேன்.

மலைமேல் ஒரு தரவை

முதல்நாள் இரவு நுவரெலியாவில் தங்கி, விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்தோம். அம்பேவெலையையும் பட்டிப்பொலையையும் கடந்து பேருந்து மேலே ஏறிற்று. பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் உள்ளது. இலங்கையில் அதனினும் உயர்ந்த புகையிரத நிலையம் இல்லை. நாங்கள் செல்லவேண்டிய இடமோ அதற்கும் மேலே இருந்தது. மாணவர்கள் கைகளை அக்குளில் புதைத்துக்கொண்டு பற்கள் கிட்ட இருந்தனர். அச்சமவெளியின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 13 பாகை செல்சியஸ் என்று வகுப்பில் சொன்னபோது எவரும் பொருட்படுத்தவில்லை. இப்போது எல்லோரும் நம்பினர்.

காலை 6 மணிக்கு வாயில் திறந்தது. அங்கே உத்தியோகத்தர்கள் ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்த்தனர். பொலித்தீன் உள்ளே போகக்கூடாது என்பது விதி. போத்தல்களில் ஒட்டியிருந்த தாள்களையும் உரித்தெடுத்தனர். பொலித்தீன் தாளில் சுற்றிய உணவைக் கொண்டுவந்த பிள்ளைகள் அதனை அவிழ்த்து மாற்றவேண்டியதாயிற்று. ஒரு மாணவனின் தாயார் மட்டும் புட்டையும் சம்பலையும் வாட்டிய வாழையிலையில் பொதிந்து, வாழை நாரினால் கட்டி அனுப்பியிருந்தார். உத்தியோகத்தர் அப்பொதியைக் கையிலெடுத்துப் பார்த்துச் சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். பழைமை சில இடங்களில் அனுமதிச்சீட்டாகவும் உதவுகின்றது.

நடை தொடங்குமிடத்தில், முற்காலத்தில் வேட்டைக்கு வந்தவர்கள் தங்கிய ‘பார் இன்’ என்ற கட்டடம் இருக்கின்றது. அங்கிருந்து புறப்பட்டு, சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற மூன்று இடங்களையும் கண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரலாம். வட்டமான பாதை, நீளம் ஏறக்குறைய 9½ கிலோமீற்றர். மூன்று அல்லது நான்கு மணித்தியாலத்தில் நடந்துவிடலாம். நாங்கள் ஐந்து மணித்தியாலம் எடுத்தோம். கேள்வி கேட்கும் பிள்ளைகளோடு நடப்பவர்கள் விரைந்து நடக்க இயலாது.

முதலில் கண்ணிற் பட்டது புல். எங்கு நோக்கினும் புல். மேடும் பள்ளமுமாக, பழுப்பும் பச்சையும் கலந்து, இடையிடையே கரிய காட்டுத் துண்டுகள் திட்டுத்திட்டாக நிற்க, புல்வெளி பரந்து கிடந்தது. மேற்கே 2,389 மீற்றர் உயரமுள்ள கிரிகல்பொத்தை. வடக்கே 2,357 மீற்றர் உயரமுள்ள தொட்டுபொல. நாட்டின் இரண்டாவது, மூன்றாவது உயர்ந்த சிகரங்கள் இவையே. ஆயினும் நாங்களே 2,100 மீற்றருக்கு மேல் நின்றமையால், அவை பெருமலைகளாகத் தோன்றாமல் அயல்வீட்டுக் கூரைகளைப்போலத் தோன்றின.

“இது எங்கடை தரவை மாதிரித்தான் கிடக்கு, சேர்!” என்றான் ஒருவன்.

மற்றவர்கள் சிரித்தனர். எனக்கு அச்சொல் பிடித்திருந்தது. தரவை என்பது நம் ஊரில் பயிரிட ஆகாத வெளிநிலம். மாடு மேய்வதற்கன்றி வேறெதற்கும் உதவாதது என்று எண்ணப்படுவது. சிங்கள மக்கள் இவ்விடத்தை மகா எலிய என்றனர். பெரிய திறந்த வெளி என்பது பொருள். 1834இல் வாட்சன், பிஷர் என்ற இரு ஆங்கிலப் படை அதிகாரிகள் இங்கு வந்து, 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த ஹோட்டனின் பெயரை இதற்கு இட்டனர். மலையடிவாரத்து மக்களுக்கு முன்னரே தெரிந்திருந்த வெளி, அன்று முதல் கண்டுபிடிக்கப்பட்ட வெளி ஆயிற்று!

கைப்பிடி மண்ணில் ஓர் ஆறு

பாதை ஓரிடத்தில் சிறிய ஓடையைக் கடக்கின்றது. அதன் கரையில் ஒரு மாணவன் குனிந்து, கரிய மண்ணை விரலால் அழுத்தினான். அழுத்திய இடத்தில் நீர் ஊறி நின்றது. பல நாளாக மழை பெய்யாத வேளை அது. மண்ணெங்கும் பஞ்சைப்போல நீரை உறிஞ்சி வைத்திருந்தது.

அங்கேயே நின்று சிறிது பாடம் நடத்தினேன். இச்சமவெளிக்கு நீர் இரண்டு வழியில் வருகின்றது. ஒன்று மழை, மற்றையது பனிமூட்டம். மலையில் மோதும் மேகம் குறுகிய மரங்களின் இலையிலும் கிளையிலும் தொங்கும் பாசியிலும் படிந்து, துளியாகத் திரண்டு கீழே சொட்டுகின்றது. மழை பெய்யாத நாளிலும் காடு தனக்குத்தானே மழை பெய்துகொள்கின்றது என்று சொன்னால் மிகையன்று. அந்நீரைப் புல்லின் வேரும், மட்கிய தழைகள் சேர்ந்த கரிய மண்ணும் பிடித்துவைத்து, அவசரமின்றிச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளுக்கும் நீரூட்டும் ஓடைகள் இங்கே பிறக்கின்றன. ஒன்று கிழக்குக் கடலுக்கும், ஒன்று மேற்குக் கடலுக்கும், ஒன்று தெற்குக் கடலுக்கும் போகின்றது. நாட்டின் கூரைமுகடு இதுவே. முகட்டில் விழுந்த துளி எப்பக்கத்துத் தாழ்வாரத்தால் வடியும் என்பது, அது விழுந்த இடத்தைப் பொறுத்தது.

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டிலிருந்து போன பிள்ளைகளுக்கு இதனை விளக்குவது அரிதாக இருக்கவில்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்பதையே நம் கிணறுகள் நமக்குத் தருகின்றன. மிகையாக இறைத்தால் உவர் மேலேறும் என்பது தோட்டக்காரரின் பிள்ளைக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதன்று. நமக்குச் சுண்ணாம்புக்கல் செய்யும் வேலையை மலையில் புல்லும் பாசியும் செய்கின்றன. நம் ஊர்த் தரவையும் மாரிநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்குவதுதான். பயனில்லை என்று நாம் ஒதுக்கிய வெளியே நம் தாகத்தைத் தீர்த்து வந்திருக்கின்றது.

இதனை முன்னரே உணர்ந்தோரும் இருந்தனர். கோப்பிப் பயிருக்காக மலைக்காடுகள் மொட்டையடிக்கப்பட்ட காலத்தில், இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராக இருந்த யோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாது என்று 1873இல் அறிவுரை கூறினார். அவர் சொல் ஏற்கப்பட்டமையால் இச்சமவெளி தேயிலைத் தோட்டமாகாமல் தப்பியது. முற்றாகத் தப்பியது என்பதற்கில்லை. 1960களில் இங்கே விதை உருளைக்கிழங்குப் பண்ணை அமைத்து, புல்வெளியின் ஒரு பகுதியை உழுதனர். ஆங்கிலேயர் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பூ முட்செடி ஒன்று இன்றும் புல்லை நெருக்குகின்றது. 1969இல் சரணாலயமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்ட பின்னரே உழவும் வேட்டையும் நின்றன. 2010இல் சிவனொளிபாதமலைக் காடுகளுடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து இச்சமவெளியை உலக மரபுரிமையாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

புல்வெளி முடிந்து பாதை காட்டுக்குள் நுழைந்தது. மரங்கள் எல்லாம் குறுகி, காற்றுக்கு வளைந்து, கிழவர் கூட்டம்போல நின்றன. சிங்களத்தில் மகா ரத்மல் எனப்படும் செம்மலர் மரங்கள் சில பூத்திருந்தன. மரநிழலில் புதர்புதராக நின்ற ஒரு செடியைக் காட்டி, “இதுதான் நெலு. நம் குறிஞ்சி இனத்தைச் சேர்ந்தது” என்றேன். ஏறக்குறைய 12 ஆண்டுக்கொருமுறை ஒருசேரப் பூத்து மடியும் செடிகள் இவ்வினத்தில் உண்டு. 2013இல் இங்கே அவை பெருந்தொகையாகப் பூத்தன. நாங்கள் போனபோது இலைகள் மட்டுமே இருந்தன. முதல் வினாவைக் கேட்ட மாணவன் அவ்விலையைத் தொட்டுப் பார்த்தான்; பறிக்கவில்லை.

விளிம்பில்

காட்டிலிருந்து வெளிப்பட்டதும் சிறிய உலக முடிவு. தரை திடீரென்று நின்றுவிடுகின்றது. கீழே ஏறக்குறைய 270 மீற்றர் பள்ளம். பிள்ளைகள் வாயடைத்து நின்றனர். அங்கிருந்து மலைவிளிம்பை ஒட்டி, கல்லும் வேரும் நிறைந்த பாதையில் இன்னும் சிறிது தூரம் நடந்தால் பெரிய உலக முடிவு. அங்கே பாறை ஏறக்குறைய 870 மீற்றர் கீழிறங்குகின்றது. நம் நாட்டு வழக்கிற் சொல்வதாயின், நன்கு வளர்ந்த 35 பனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் அடியிலிருந்து விளிம்பை எட்டலாம்.

காலை எட்டு மணி. மேகம் இன்னும் எழவில்லை. காடுகள், குன்றுகள், வயல்கள், குளங்கள் எல்லாம் விரித்த படம்போலக் கிடந்தன. சமனலவெவ நீர்த்தேக்கம் கண்ணாடித் துண்டாக மின்னிற்று. அதற்கப்பால் தென்கடல் என்று சொல்லத்தக்க ஒரு வெண்கோடு.

என் மாணவர்களுள் ஒருவன் பாறை விளிம்பில் அமர்ந்து, கால்களைத் தொங்கவிட்டுத் தன்னைப் படமெடுக்கும்படி தோழனை அழைத்தான். என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. ஓடிப்போய் அவனுடைய சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். மற்றவர்கள் முன்னிலையில் அவனுக்கு வெட்கமாயிற்று. ஆயினும் நான் வருந்தவில்லை. 2015ஆம் ஆண்டு மாசியில் வெளிநாட்டு இளைஞர் ஒருவர் தம் மனைவியைப் படமெடுப்பதற்காகப் பின்னோக்கி நகர்ந்து, இதே விளிம்பிலிருந்து தவறி விழுந்தார். ஏறக்குறைய 40 மீற்றர் கீழே ஒரு மரம் அவரைத் தாங்கிக்கொண்டது. இராணுவத்தினர் கயிறு கட்டி இறங்கி மீட்டனர். அம்மரம் எல்லோருக்கும் அங்கே நிற்கும் என்று எதிர்பார்க்கலாகாது. இதனைச் சொன்னபின் பிள்ளைகள் தாமாகவே பத்தடி பின்னே வந்தனர்.

அப்போது வேறொருவன் கையை நீட்டி, “அங்கை கீழை ஆர் சேர் இருக்கினம்?” என்றான்.

பாறையின் அடியில், பச்சைச் சரிவின் நடுவே, தீப்பெட்டிகளை நெருக்கி அடுக்கினாற்போல நீளமான தகரக் கூரைகள் தெரிந்தன. தேயிலைத் தோட்டம். அவை லயன்கள். விடை சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேகம் எழுந்துவிட்டது. பள்ளத்திலிருந்து புகைபோலப் புறப்பட்டு, பாறையைத் தடவிக்கொண்டு மேலே வந்து, எங்கள் காலடியில் நின்றது. பிறகு எங்களையும் மூடிற்று. எதிரே நின்ற பிள்ளையின் முகம் தெரியவில்லை.

அந்த வெண்மைக்குள் நின்றபோது எனக்கு ஒரு குரல் கேட்டது.

1986ஆம் ஆண்டளவில், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டில் வேலைக்கென மலையகத்திலிருந்து ஒரு சிறுமியை அழைத்துவந்திருந்தனர். அவளுக்குப் பதினொரு வயதிருக்கும். நான் பாடசாலைக்குப் புறப்படும்போது அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருப்பாள். நான் திரும்பி வரும்போது கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் வீட்டில் எவரும் அப்பெயரால் அழைத்ததாக எனக்கு நினைவில்லை. “பெட்டை” என்றே அழைத்தோம். அயலவர்கள் “தோட்டக்காட்டுப் பெட்டை” என்றனர்.

ஒருநாள் மாலை, முற்றத்தில் அமர்ந்து தன் ஊரைப்பற்றி என்னிடம் சொன்னாள்: “எங்க ஊர்ல மேகம் வாசலுக்கே வரும் தம்பி. கைய நீட்டினா நனையும். அதுக்குள்ள நின்னா அம்மாவே தெரிய மாட்டாங்க.”

நான் சிரித்தேன். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், அம்மாவும் சிரித்தார். மேகம் வானத்தில் இருப்பது. வாசலில் எப்படி வரும்? பொய் சொல்லப் பழகுகின்றாள் என்று அவளை ஏசினர். அதன்பின் அவள் தன் ஊரைப்பற்றி எங்களிடம் பேசவேயில்லை. அடுத்த ஆண்டு போர் மூளுமுன் அவளுடைய தந்தையார் வந்து அழைத்துச் சென்றார்.

நான் விளிம்பில் கையை நீட்டினேன். கை நனைந்தது.

யாருடைய முடிவு?

மேகம் சிறிது விலகுமட்டும் அங்கேயே அமர்ந்து, கீழே இருப்பவர் யார் என்ற வினாவுக்கு விடை சொன்னேன். பள்ளிக்கூடப் பாடமாகச் சொல்லத் தொடங்கி, வேறு விதமாக முடித்தேன்.

இம்மலைகளில் கோப்பி பயிரிட, 1820கள் முதலாகத் தமிழகத்திலிருந்து மக்கள் வரத் தொடங்கினர். அக்காலத்தில் வந்தவர்களுக்குப் புகையிரதமும் இல்லை, பேருந்தும் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல் நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் மிகப் பலர். கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை வந்தது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் யேம்ஸ் டெய்லர் தொடங்கிய பயிர் அது. நாட்டின் வருவாயைத் தோளிற் சுமந்த அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, இத்தனை இலட்சம் பேர் அங்கே, இத்தனை இலட்சம் பேர் இங்கே என்று அவர்களைப் பங்கிட்டது. குடியுரிமைக் குறையை நீக்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று.

“நாங்கள் இன்றைக்கு ஆறு மைல் நடக்கின்றோம். சப்பாத்து இருக்கின்றது, சாப்பாடு இருக்கின்றது, திரும்பிப் போக வீடு இருக்கின்றது. அவர்கள் நடந்த நடை திரும்பி வராத நடை” என்றேன். பிறகு, எங்கள் வீட்டில் இருந்த சிறுமியைப் பற்றியும் சொன்னேன். ஆசிரியர் தம் குற்றத்தை மாணவர்முன் சொல்லலாமோ என்று என்னோடு வந்த நண்பர் பின்னர் கேட்டார். பிறர் குற்றங்களை மட்டும் சொல்லும் ஆசிரியரை மாணவர் எளிதில் அறிந்துகொள்வர் என்றேன்.

பிள்ளைகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பின்வரிசை மாணவன் சொன்னான்: “உலக முடிவு எண்டு மேலை நிண்டவைதான் பேர் வைச்சிருக்கினம், சேர். கீழை இருக்கிற ஆக்களுக்கு உலகம் அங்கைதானே துவங்குது.”

இருபது ஆண்டு கற்பித்ததற்கு அன்று எனக்குச் சம்பளம் கிடைத்தது.

நீர் போகும் வழி

உலக முடிவிலிருந்து பாதை உள்நோக்கித் திரும்பிக் காட்டினூடே இறங்குகின்றது. நீரோசை வழிகாட்ட, வழுக்கும் படிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினால் பேக்கர் நீர்வீழ்ச்சி. உயரம் ஏறக்குறைய 20 மீற்றர். எனினும் கரும்பாறையில் வெண்முத்தாக விரிந்து விழும் அழகு கண்ணைவிட்டு அகலாது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கரின் பெயர் இதற்கு வழங்குகின்றது. பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போய்ப் புகழ்பெற்ற அவர், இங்கே இருந்தபோது யானையையும் மரையையும் வேட்டையாடுவதில் பேர்போனவர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் இச்சமவெளியிலிருந்து யானைகள் மறைந்துவிட்டன. வேட்டைக்காரர் பெயர் நிலைத்துவிட்டது.

அங்கே விழும் நீர் பெலிகுல் ஓயா. அது மலையிலிருந்து இறங்கி வளவை கங்கையோடு கூடுகின்றது. இரண்டும் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான், காலையில் கண்ணாடித் துண்டாகக் கண்ட சமனலவெவவின் அணைக்கட்டு. 1992 முதல் அந்நீர் மின்சாரம் தருகின்றது. நாட்டின் மின்வலையோடு நம் குடாநாடும் இணைக்கப்பட்டுள்ளமையால், யாழ்ப்பாணத்தில் நீங்கள் இரவில் ஏற்றும் விளக்குக்கும் இப்புல்வெளியின் ஈரத்துக்கும் உறவு உண்டு. கட்டிய புட்டுப் பொதியை அருவிக்கரையில் அவிழ்த்துப் பகிர்ந்துண்டபோது இதனைச் சொன்னேன். அப்போது ஒரு மாணவன், “சேர், தேயிலையும் அப்பிடித்தானே?” என்றான். ஆம், அப்படித்தான். காலையில் நாம் குடிக்கும் தேநீரும் எவரோ ஒருவரின் கை கிள்ளிய கொழுந்து. தரவையையும் மறந்தோம், கையையும் மறந்தோம்.

மீண்டும் புல்வெளி. பாதையோரத்தில் ஒரு மரை நின்று எங்களை நோக்கிற்று. உணவு கொடுக்கப் பிள்ளைகளின் கை துடித்தது. கொடுக்கலாகாது என்று தடுத்தேன். மனிதர் நீட்டும் உணவோடு பொலித்தீனையும் விழுங்கி இங்கே மரைகள் மாண்டதுண்டு. அன்பும் சில வேளைகளில் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பதினொரு மணிக்குப் புறப்பட்ட இடத்தை அடைந்தோம். அப்போது வந்திறங்கிய கூட்டத்தினர் உலக முடிவைக் காண விரைந்து சென்றனர். மூடுபனியைத்தவிர வேறெதுவும் அவர்கள் கண்டிருக்கமாட்டார்கள்.

குடும்பத்தோடு செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். தை முதல் பங்குனி வரை வானம் பெரும்பாலும் தெளிவாயிருக்கும். விடியற்காலையிலேயே நடக்கத் தொடங்குங்கள். ஒன்பது, பத்து மணிக்கு மேகம் விளிம்பை மூடிவிடும். கம்பளிச் சட்டையும் வழுக்காத சப்பாத்தும் வேண்டும். உணவை இலையில் கட்டுங்கள். பாதையைவிட்டு விலகவேண்டாம். விளிம்பில் நின்று பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே பாருங்கள். அங்கே தெரியும் தகரக் கூரைகளின் கீழ் வாழ்பவர் யாரென்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நாங்கள் போய்வந்த அதே ஆண்டில், ஆடி மாத இறுதியில், தம் முன்னோர் வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் கால்நடையாகச் சென்றனர். அச்செய்தியை என் மாணவர்கள் வெட்டியெடுத்து வகுப்பறைச் சுவரில் ஒட்டினர். ஐந்திணைப் பாடத்தை இப்போதும் கற்பிக்கின்றேன். குறிஞ்சியில் வாழும் மக்கள் என்று எழுதும்போது, பழைய பெயர்களோடு நிறுத்திக்கொள்ளாது, கொழுந்து கொய்வோரையும் சேர்த்தே எழுதுகின்றேன்.

எங்கள் முற்றத்தைக் கூட்டிய அச்சிறுமிக்கு இப்போது ஐம்பது வயதளவில் இருக்கும். எந்தத் தோட்டத்தில், எந்த ஊரில் இருக்கின்றாரோ அறியேன். கடிதம் எழுதப் பெயரும் முகவரியும் என்னிடம் இல்லை. பெயரைக் கேளாதது என் குற்றம். ஆதலின் இங்கே எழுதுகின்றேன்.

அக்கா, நீங்கள் சொன்னது உண்மை. மேகம் வாசலுக்கு வருகின்றது. கையை நீட்டினால் நனைகின்றது.